19 பேர், 31 பெட்டி: சாங்கியிலிருந்து கப்பலுக்கு எதில் போவது?

அக்காவுக்கும் அத்தானுக்கும் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நல்லபடியாக முடிந்தது. முடிந்த கையோடு எல்லோரையும் கப்பலில் கூட்டிப் போவது என்று அக்கா மகன் தீர்மானித்துவிட்டான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் போர்ட் கிளாங்கும் பார்த்துவிட்டு, மூன்று இரவு கழித்து சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணம். திருச்சியிலிருந்து 19 பேர். விசா, விமான டிக்கெட், கப்பல் அறை எல்லாம் அவன் பொறுப்பு. எனக்கு வந்தது ஒரு வரி வாட்ஸ்அப்: "மாமா, ஏர்போர்ட்லேர்ந்து கப்பலுக்கும், கப்பல்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கும் வண்டி மட்டும் நீங்க பாத்துக்குங்க."

பதினைந்து வருடமாகச் சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இது ஒரு வேலையா என்றுதான் முதலில் நினைத்தேன். சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே கப்பல் முனையம் 20 கிலோமீட்டர் சொச்சம். நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் விலை விசாரிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, 19 என்பது எந்த வண்டிக்கும் பொருந்தாத எண் என்று. டாக்சிக்கு அதிகம், பெரிய பஸ்ஸுக்குக் குறைவு. போதாததற்கு இரண்டு நாள் கழித்து அக்கா போனில் சாதாரணமாகச் சொன்னாள், "பெட்டி ஒரு முப்பது, முப்பத்தொண்ணு இருக்கும்டா."

அந்த 31 தான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்தது. அதனால் இதுபோன்ற கூட்டத்துக்கு வண்டி பார்ப்பவர்கள் தலையை எண்ணுவதற்கு முன் பெட்டியை எண்ணுங்கள்.

எந்த முனையம் என்பது முதல் கேள்வி

வண்டிக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். சிங்கப்பூரில் கப்பல் முனையம் ஒன்று இல்லை. பெரிய உல்லாசக் கப்பல்கள் நிற்பது 2012இல் திறந்த மரினா பே முனையத்தில். ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில், பழைய சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இருக்கிறது. பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகள் அங்கிருந்துதான் கிளம்பும், சில சின்னக் கப்பல்களும் வரும். தானா மேராவில் இன்னொரு படகு முனையம், அதுவும் சாங்கிக்குப் பக்கத்திலேயே. ஓட்டுநரிடம் வெறுமனே "குரூஸ் சென்டர்" என்று சொன்னால் அவர் எங்கே போவார் என்பது அவருடைய பழக்கத்தைப் பொறுத்தது.

இதை நான் பாடமாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நண்பர் குடும்பத்துக்கு வேன் ஏற்பாடு செய்தபோது நான் அனுப்பிய செய்தியில் "மரினா பே" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டேன். வேன் நேராக ஹார்பர்ஃபிரண்டுக்குப் போய் நின்றது. கப்பலைக் காணோம் என்று நண்பர் போன் செய்தார். தப்பு என்னுடையது, ஓட்டுநருடையது இல்லை. இப்போதெல்லாம் முனையத்தின் முழுப் பெயர், கப்பலின் பெயர், அஞ்சல் எண் மூன்றையும் எழுதி அனுப்புகிறேன்.

இறங்கும் நாளும் ஏறும் நாளும்

அக்கா மகன் முதலில் போட்ட திட்டம்: இரவு விமானம், விடிகாலை சாங்கி, அன்று மதியமே கப்பல். ஹோட்டல் செலவு மிச்சம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் விமானம் சில மணி நேரம் தாமதமானாலே போச்சு, கப்பல் காத்திருக்காது. பயணிகள் ஏறுவதை, கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே மூடிவிடுவார்கள். அதோடு நம் ஊர்க் கணக்கில் ஒரு வழுக்கல் இருக்கிறது. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கைக்கடிகாரத்தை மாற்ற மறந்த ஒரு சித்தப்பா எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

எல்லாம் சரியாக நடந்தாலும் பிரச்சினை தீரவில்லை. காலை ஆறரைக்கு இறங்கினால், முனையத்தில் உள்ளே விடுவது மதியத்தை ஒட்டி. நடுவில் ஐந்தாறு மணி நேரம் 19 பேரையும் 31 பெட்டியையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது? சாங்கியில் காசு கட்டிப் பெட்டிகளை வைத்துவிட்டு பக்கத்து ஜுவல் கடைத்தொகுதியில் அருவி பார்க்கலாம். நான்கு பேருக்கு அது சரி. ராத்திரி தூங்காத எழுபது வயது அத்தைக்குச் சரிவராது.

ஒரு நாள் முன்னதாக வரச் சொன்னேன். தேக்காவில் (லிட்டில் இந்தியாவை இங்கே தமிழர்கள் சொல்வது அப்படித்தான்) ஒரு ஹோட்டல். ஆக, ஒரு பயணம் மூன்றானது: சாங்கியிலிருந்து தேக்கா, மறுநாள் தேக்காவிலிருந்து கப்பல், மூன்று இரவு கழித்துக் கப்பலிலிருந்து சாங்கி. இந்த மூன்றுக்கும் ஒரே வண்டி பொருந்தாது. "போக, வர சேர்த்து எடுத்தால் தள்ளுபடி" என்று ஒரு பேக்கேஜை எல்லோரும் நீட்டுவார்கள். அதை வாங்காமல் விட்டதுதான் இந்த ஏற்பாட்டில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

சாங்கியிலிருந்து: ரயிலா, டாக்சியா, பஸ்ஸா

ரயிலைத்தான் முதலில் பார்த்தேன், மலிவு என்பதால். சாங்கியில் ஏறி எக்ஸ்போவில் நீல வழித்தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியா. நேராகக் கப்பலுக்கே போகிறவர்கள் தானா மேராவில் பச்சை வழிக்கு மாறி, சிட்டி ஹால் அல்லது ராஃபிள்ஸ் பிளேஸில் சிவப்பு வழிக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். அங்கிருந்து முனையம் நடக்கும் தூரம்தான். ஏறத்தாழ ஒரு மணி நேரம். கட்டணம் தலைக்கு இரண்டு, இரண்டரை வெள்ளி. (டாலர் என்று யாரும் சொல்வதில்லை, இங்கே அது வெள்ளிதான்.)

ஆனால் கூட்டத்துக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். வாசலில் தட்டும் வங்கி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை 19 முறை தட்ட முடியாது. வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்குச் சிறிய கூடுதல் கட்டணமும் உண்டு. அட்டை இல்லாதவர்கள் ஈஸிலிங்க் என்ற பயண அட்டை வாங்க வேண்டும், ஒன்று 10 வெள்ளி, அதில் பாதிதான் பயணத்துக்கு மிஞ்சும். 19 பேரில் தட்டும் வசதியுள்ள அட்டை வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மீதி 15 பேருக்கு 150 வெள்ளி. ஒரு பஸ்ஸின் விலை அது! கூடவே, காலை வேலை நேரத்து ரயிலில் 31 பெட்டி. நினைத்துப் பார்க்கவே வேண்டாம். முதுகுப்பை மட்டும் வைத்திருக்கும் இரண்டு மூன்று இளைஞர்கள் என்றால் ரயிலைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

டாக்சி: சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான், குழந்தையும் ஒரு தலை. ஐந்து டாக்சி போதும் என்று தோன்றும். போதாது. பின்பக்கம் இரண்டு பெரிய பெட்டி வைத்தால் நிறைந்துவிடும், மிச்சத்தைக் காலி இருக்கையிலும் மடியிலும் வைக்க வேண்டியதுதான். எங்கள் பெட்டிக் கணக்கில் குறைந்தது ஏழு டாக்சி. மீட்டரோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேர்த்து பகலில் ஒன்றுக்கு 25 முதல் 35 வெள்ளி வரும். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டரில் பாதி கூடுதல். ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்பு ஏறாமல், ஒரு காபி குடித்துவிட்டு ஏறினால் மிச்சம் என்று தேக்காவில் எல்லா அண்ணன்மாரும் சொல்லித் தருவார்கள்.

பணத்தைவிட எனக்குப் பயம், ஏழு வண்டியும் ஏழு நேரத்தில் போய்ச் சேரும் என்பது. பாஷை தெரியாத பெரியவர்கள் மட்டும் உள்ள வண்டி எது என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவரையும் செல்போன் வேலை செய்கிறவரையும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒருவராகப் பங்கு போட்டால் ஆள் பற்றாது.

கிராப் மாதிரி வாடகைக் கார் செயலிகளை நம்பி வருகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு ஏற்ற இருக்கை கட்டாயம். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. எங்களோடு வந்த குழந்தைகள் மூன்று பேர், மூவரும் அந்த உயரத்துக்குக் கீழே. இருக்கையில்லாமல் வரும் ஓட்டுநர் குழந்தையைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, இந்திய அட்டைக்கு ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் போகும். ரோமிங் போடாத செல்போனில் அது வராது.

ஏழு பேர் வண்டி, இங்கே மேக்சிகேப் என்பார்கள். சாங்கி வருகைக் கூடத்துக் கவுண்டரிலேயே நிலையான விலையில் கிடைக்கும், ஏறத்தாழ 60 வெள்ளி. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றும் சரிவுப்பலகை உள்ளதும் சிலவற்றில் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே ஒரு பொய், அந்த "ஏழு பேர்". மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. ஐந்து பேர், ஏழெட்டுப் பெட்டி என்பதுதான் நிஜக் கணக்கு. நான்கு வண்டி, 240 வெள்ளி.

13 இருக்கை மினிபஸ்ஸிலும் இதே கதை. கடைசி இரண்டு வரிசையில் பெட்டிகளை அடுக்கினால் எட்டு, ஒன்பது பேர் உட்காரலாம். இரண்டு வேண்டும் என்று நினைத்தேன், 31 பெட்டி என்று சொன்னதும் "மூணு எடுங்க" என்றார் போனில் பேசியவர். நேர்மையான மனிதர். எனக்குச் சொன்ன விலை ஒன்றுக்கு 70.

அப்புறம்தான் 40 இருக்கை கோச், அதாவது பெரிய சுற்றுலா பஸ் பற்றிக் கேட்டேன். 19 பேருக்கு 40 இருக்கை வீண் என்றுதான் அதுவரை கேட்கவே இல்லை. வயிற்றுப் பகுதியில் பெட்டிகளுக்கென்றே அறை, 31 என்ன, 50 வைக்கலாம். 160 வெள்ளி. மூன்று மினிபஸ்ஸை விட 50 வெள்ளி குறைவு. இருக்கையை மட்டும் பார்த்து அளவு தேடியதில் இரண்டு மாலை நேரம் வீண்.

கோச்சுக்குக் குறை இல்லாமல் இல்லை. டாக்சி வரிசை நிற்கும் இடத்துக்கு அது வராது. ஒவ்வொரு முனையத்திலும் கோச் நிற்க தனி இடம் உண்டு, அங்கே நடந்து போக வேண்டும். படி உயரம், அத்தையை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினோம். தேக்காவின் செராங்கூன் சாலையில் அது நின்று நிதானமாகப் பெட்டி இறக்க இடம் கிடைப்பதும் கஷ்டம், பக்கத்துத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். இருந்தாலும் 19 பேரும் ஒரே கதவில் ஏறி ஒரே கதவில் இறங்கினார்கள். தலையை ஒரு முறை எண்ணினால் போதும்.

கப்பல் நிறுவனங்களும் விமான நிலையத்திலிருந்து வண்டி விற்கும். தலைக்கு இவ்வளவு என்று. தலைக்கு விற்கும் எதுவும் இரண்டு பேருக்கு லாபம், 19 பேருக்கு நஷ்டம். தனியாக வரும் வயதான தம்பதி என்றால் யோசிக்காமல் அதை எடுக்கச் சொல்வேன்.

தெரிந்த பையன் வேன் வைத்திருக்கிறான், பாதி விலைக்கு வருவான் என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். உரிமமில்லாமல் வாடகைக்கு ஓட்டுவது இங்கே குற்றம், வண்டியையே பறிமுதல் செய்வார்கள். விபத்து நடந்தால் பயணிகளுக்குக் காப்பீடு நிற்குமா என்பதும் சந்தேகம். வாடகை பஸ்ஸின் எண் தகடு 'பி' (P) எழுத்தில் தொடங்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர் கார்கள்? இந்த ஊரில் பத்து வருடத்துக்குக் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழின் விலை காரின் விலையையே தாண்டும். என் நட்பு வட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

தேக்காவிலிருந்து கப்பலுக்கு

இது ஆறேழு கிலோமீட்டர்தான். இங்கே கோச் தேவையே இல்லை. காரணம், கப்பலில் ஏறுவது அறை அறையாக. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நேரம் கொடுத்துவிடுகிறார்கள், 19 பேரும் ஒன்றாகப் போய் நின்று பிரயோஜனமில்லை.

ஆனால் அதற்குள் பெட்டிக் கணக்கு மாறிவிட்டது. ஊருக்குத் திரும்புவதற்கு முன் வாங்கினால் போதாதா என்று நான் கேட்டும், வந்த அன்று மாலையே எல்லோரும் முஸ்தஃபா கடைக்குப் போனார்கள். 31 பெட்டி 37 ஆனது. இதில் ஒன்று ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டி. கப்பலுக்குத் தேவையில்லாத 15 உருப்படிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டேன், வரவேற்பில் இருந்த பெண் சரி என்றார். மிச்சம் 22 பெட்டி.

பெரியவர்கள், குழந்தைகள், பெட்டிகள் மூன்று மேக்சிகேப்பில். இளைஞர்கள் ஆறு பேர் ரயிலில்: லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு நிலையம் தள்ளி தோபி காட், அங்கே சிவப்பு வழிக்கு மாறி மரினா சவுத் பியர். கையில் எதுவுமில்லாததால் சிரித்துக்கொண்டே போனார்கள். ரயிலுக்கும் வண்டிக்கும் நேர வித்தியாசம் அதிகமில்லை. ஒரே கூட்டமாகப் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதில் காசும் மிச்சம், கூச்சலும் மிச்சம்.

ஒரு சொதப்பல் நடந்தது. 19 பாஸ்போர்ட்டும் அக்கா மகனின் முதுகுப்பையில். அவன் ரயிலில். முதல் வண்டியில் போன அத்தானும் அக்காவும் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, பாஸ்போர்ட் இல்லாமல் அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அறுபதாம் கல்யாணத்துப் புதுமாப்பிள்ளை கொஞ்சம் கோபித்துக்கொண்டார். கூட்டத்தைப் பிரித்தால் பாஸ்போர்ட்டையும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபார்முலா ஒன் பந்தய வாரத்தில் மரினா பே பக்கம் பல சாலைகளை மூடிவிடுவார்கள். அந்த வாரம் மட்டும் ரயிலை நம்புங்கள்.

திரும்பும்போது

போகும் நேரம் நம் கையில் இருக்கிறது. வரும் நேரம் இல்லை. கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். பெட்டியை முந்தின இரவே அறைக்கு வெளியே வைத்தவர்கள் பெட்டியில் கட்டிய அடையாளப் பட்டையின் நிறத்தைக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும், தாங்களே சுமந்து வருகிறவர்கள் முதலில் இறங்கலாம். அப்புறம் குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை. முன்பு சொன்ன அந்த நண்பர் குடும்பம் போக, வர சேர்த்து பேக்கேஜ் எடுத்திருந்தது. வண்டி எட்டரைக்கு வந்து நின்றது, இவர்கள் வெளியே வந்தது பத்தேகாலுக்கு. காத்திருந்த நேரத்துக்குத் தனிக் கட்டணம். தள்ளுபடி கிடைத்தது அங்கேயே போய்விட்டது.

அவர்கள் தாமதத்துக்கு இன்னொரு காரணம், சிங்கப்பூர் வருகை அட்டையைத் திரும்ப நிரப்பவில்லை. முதல் முறை நிரப்பியது முதல் வருகையோடு முடிந்தது. கப்பலில் பினாங்கு போய்விட்டு வந்தால் மறுபடி வருகைதான், மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. ஆனால் இறங்கும் காலையில், வைஃபை தேடிக்கொண்டு 19 பேருக்கு நிரப்புவது ஐந்து நிமிடத்தில் முடியாது. விசாவும் பல முறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா மகனை, கடைசி இரவு சாப்பாட்டுக்கு முன்பே எல்லோருக்கும் நிரப்பிவிடச் சொல்லியிருந்தேன்.

டாக்சி வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் முழுவதும் அதே வரிசையில் நிற்கும். நான்கைந்து பேர் என்றால் அந்த வரிசையைப் பார்த்து முகம் சுளிக்காமல் ரயிலுக்கு நடந்துவிடலாம். எங்களுக்கு ஹோட்டலில் 15 உருப்படி காத்திருந்தன, விமானம் இரவில். ஆகவே திரும்ப அதே 40 இருக்கை கோச், ஆனால் இந்த முறை மணிக்கணக்கில். இதற்கு இந்தத் தொழிலில் "டிஸ்போசல்" என்று பெயர்: குறைந்தது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு வண்டி நம்முடையது, எங்கே நிறுத்தினாலும் கேள்வியில்லை. ஒரு தடவை கொண்டுவிடுவதைவிட விலை கூட. ஆனால் துறைமுகம், தேக்கா, மதியச் சாப்பாடு, சாங்கி எல்லாவற்றுக்கும் தனித்தனி வண்டி பிடிப்பதைவிடக் குறைவு. இரண்டு பேர் தேக்காவில் கோவிலுக்குப் போனார்கள், மூன்று பேர் மறுபடி முஸ்தஃபாவுக்கு. பெட்டிகள் எல்லாம் பஸ் வயிற்றில் பத்திரமாக இருந்தன.

காலை ஒன்பதுக்கு வரட்டுமா என்று கேட்டார்கள், பதினொன்றுக்கு வாருங்கள் என்றேன். பத்தே முக்காலுக்கு 18 பேர் வெளியே நின்றார்கள். பத்தொன்பதாவது சித்தப்பா. காலை டிபன் இன்னும் மூடவில்லை என்று கப்பலிலேயே இரண்டாவது தோசைக்கு நின்றுவிட்டாராம். கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில்தான் இருந்தது.